உரிமையாளர் 1001

மணி நாலேகால். ஆறரைக்கு
மண்டைக்காடு ரோட்டு மண்டபத்தில் ரிசப்ஷன்.
பாக்ஸ் நாலும் வண்டியில் ஏறியாச்சு,
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க
திங்கள்சந்தை பங்குக்கு அஜின் போயிருக்கிறான்.
பாட்டுதான் திறக்கவில்லை.

பழைய கம்ப்யூட்டர் போன வாரம் இடியில் போனது.
பிழைத்தது டிஸ்க் மட்டும்.
தக்கலையில் செகண்ட் ஹேண்டாய் எடுத்த லேப்டாப்பில்
அதைச் செருகினேன்.
பதினோராயிரத்து நானூறு பாட்டு,
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னப் பூட்டு.
அனுமதி மறுக்கப்பட்டது.
அனுமதி மறுக்கப்பட்டது.
கல்குளம் தாலுகா ஆபீஸ் ஜன்னல் மாதிரி
கோபமே இல்லாமல்.

யாருடையது என்று கேட்டேன்.
பெயர் சொல்லவில்லை, எண் சொன்னது.
1001.
அந்த எண்ணில் இந்த மெஷினில் ஆளில்லை.

ஆளை எனக்குத் தெரியும்.
ஸ்டெபின்.
பாதி முதல் போட்டவன்.
ராத்திரி ராத்திரியாய் இருந்து
கேசட்டிலிருந்து ஒவ்வொன்றாய் ஏற்றி
பாட்டுக்கு முன்னால் கிடந்த இரைச்சலை
நகம் வெட்டுவதுபோல் வெட்டி எறிந்தவன்.
ஒரு ஆம்ப்ளிஃபயர் கணக்கில் பிணங்கி
மஸ்கட்டுக்குப் போனவன்.
'ஒனக்கு காது இல்லடே, கணக்குதான் இருக்கு'
என்று கடைசியாய்ப் பறைஞ்சவன்.
பழைய கம்ப்யூட்டரில் அவன் பெயரில்தான்
நானும் நுழைவேன்.
நீ யாரென்று அது கேட்டதே இல்லை.

ஒரு ஃபோல்டரில் படிக்கும் உரிமை உண்டு,
நுழையும் உரிமை இல்லை.
பெயர்கள் மட்டும் தெரிகின்றன,
அளவும் தேதியும் கேள்விக்குறிகளாய்.
பந்திக்கு வெளியே நின்று
இலையில் விழும் கறிகளை எண்ணுகிறேன்.
இன்னொன்று நேர்மாறு:
நுழையலாம், என்ன இருக்கிறதென்று பார்க்க முடியாது.
எழுத்துப் பிசகாமல் பெயர் சொன்னால் பாட்டு வரும்.
அவனுக்குப் பெயர் தெரியும்.
எனக்கு மெட்டுதான் தெரியும்,
மெட்டை எங்கே டைப் செய்ய?

அஜின் வந்துவிட்டான், கையெல்லாம் டீசல்.
'அண்ணே, ஏழு ஏழு ஏழு அடிங்க, எல்லாம் தொறக்கும்.'
திறக்கும்.
யாரும் கேட்கலாம், யாரும் அழிக்கலாம்.
சித்திரையில் குளச்சலில் யாரோ ஒரு பயல்
பென்டிரைவைச் செருகி முந்நூறு பாட்டைத் துடைத்தது
அந்த ஏழு ஏழு ஏழில்தான்.

எல்லாவற்றையும் என் பெயருக்கே மாற்றலாம்.
ஒரு வரி போதும்.
பத்திர ஆபீஸில்கூட இத்தனை சுலபமில்லை,
சாட்சி வேண்டாம், ஸ்டாம்ப் வேண்டாம்.
அடித்தேன். பாஸ்வேர்ட் கேட்டது.
அதை அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழாது,
அடிக்கிறோமா என்றே சந்தேகம் வரும்.
ஆறாவது எழுத்தில் நிறுத்தினேன்.

பிறகு ஒரு குழு உண்டாக்கினேன்.
என்னைச் சேர்த்தேன்,
டிஸ்க்கைக் குழுவின் கையில் கொடுத்தேன்.
குழு வாசிக்கலாம்.
பெரிய எக்ஸ் போட்டேன்,
ஃபோல்டர்களில் மட்டும் நுழைய.
சின்னது போட்டிருந்தால் ஒவ்வொரு பாட்டும்
தன்னை ஒரு புரோகிராம் என்று நினைத்துக்கொள்ளும்.
உரிமையாளர் இருந்த இடத்தைத் தொடவில்லை.
1001 என்றே கிடக்கட்டும்.

அப்புறமும் பூட்டு.
வெளியேறித் திரும்ப வந்தால்தான்
குழுவில் நானும் ஒருவன் என்பது
அதற்குத் தெரியுமாம்.
வெளியேறினேன். வந்தேன்.
திறந்தது.
நாதஸ்வரம் கடைக்கு வெளியே போய்
எதிரே ஏத்தன்குலை இறக்கிக்கொண்டிருந்தவனைத்
திரும்பிப் பார்க்க வைத்தது.

ஒன்றுமட்டும் பாடவில்லை.
பூட்டு இல்லை. குழு சரி, உரிமை சரி.
'மைக் டெஸ்ட் ரெண்டுபேரும்'
என்று அவன் பெயர் வைத்த கோப்பு.
அளவைப் பார்த்தேன்: பூஜ்யம்.
எப்போது போனதோ.
இப்போது யாரும் திறக்கலாம் அதை.

வண்டியில் ஹாரன் கேட்கிறது.
அழகியமண்டபத்தில் மழையாம்.
தார்ப்பாய் எங்கே வைத்தேன்?